ஒட்டிய வீரரைக் கால் காட்டிக்கொடுத்துவிடும்

ஒரே அணியில் ஆடாத இருவரைத் தோளோடு தோள் நிறுத்தி ஒட்டுப்படம் செய்பவர்கள் பெரும்பாலும் முகத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். முடியோரம் சரியாக வெட்டுப்பட்டிருக்கும், தோல் நிறம் ஒத்துப்போயிருக்கும். இருந்தும் பார்த்ததும் ஏதோ இடிக்கும். கண்ணைக் கீழே இறக்கினால் காரணம் தெரிந்துவிடும்.

மூலப்படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே தாழ்வாக உட்கார்ந்து எடுப்பவரின் லென்ஸ், வீரரின் இடுப்பளவில் இருக்கும். அப்படத்தில் கிட்டே நிற்பவருக்கும் எட்டி நிற்பவருக்கும் தொடுவானக் கோடு இடுப்பை ஒட்டியே போகும். அதற்குள், நின்றபடி கண் உயரத்தில் எடுத்த இன்னொருவரைக் கொண்டுவந்தால் என்னதான் பெரிதாக்கிச் சிறிதாக்கினாலும் ஆள் குழிக்குள் நிற்பார், இல்லையென்றால் மிதப்பார். ஃபோட்டோஷாப்பில் இதற்கு மருந்து கிடையாது. வேறு படம் தேட வேண்டியதுதான். தொலைவிலிருந்து 400 மி.மீ. லென்ஸில் எடுத்த படத்தோடு செல்ஃபியைச் சேர்ப்பதும் இதே கதை: கிட்டத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கியிருக்கும்.

ஆளின் உயரத்தையும் சரிபாருங்கள். மெஸ்ஸி 170 செ.மீ., ரொனால்டோ 187. இருவரும் நிமிர்ந்து நின்றால் மெஸ்ஸியின் உச்சந்தலை ரொனால்டோவின் வாயருகேதான் வரும். சமமாக நிறுத்தினால் கால்பந்து பார்க்கிறவர் அங்கேயே பிடித்துவிடுவார்.

நிழலில்தான் அதிக வேலை. நான்கு மூலைகளிலும் விளக்குக் கம்பம் உள்ள மைதானத்தில், இரவு ஆட்டத்தின்போது ஒரே ஆளுக்கு நான்கு மெல்லிய நிழல்கள் விரியும். பக்கத்தில் நிற்கும் நிஜ வீரருக்கு நான்கு, ஒட்டியவருக்கு மட்டும் கறுப்பாக ஒன்று என்றால் எப்படி? ஒவ்வொரு நிழலையும் தனி லேயரில் (அடுக்கில்), கீழுள்ள படத்தைக் கருமையாக்கும் மல்டிப்ளை முறையில் போடுங்கள். பூட்ஸ் தரையைத் தொடும் இடத்தில் அடர்த்தியாக, 2 பிக்சல் மங்கலோடு தொடங்கி, விலகிப் போகப் போக வெளிறி மங்க வேண்டும். தொடும் இடத்துக்கென்றே ஒரு சின்ன நிழல் தனியாக வேண்டும். அது விட்டுப்போனால்தான் ஆள் அந்தரத்தில் நிற்கிறார். பூட்ஸின் அடிப்பகுதியைப் புல் கொஞ்சம் மறைக்கும். மாஸ்க்கில், அதாவது ஆளின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பில், புல் வடிவ பிரஷ்ஷால் அந்த விளிம்பை அங்கங்கே அழித்துவிடுங்கள். வெள்ளை ஜெர்சியின் கீழ்ப்பக்கத்திலும் தாடைக்கு அடியிலும் புல்லின் பச்சை லேசாக ஏறியிருக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

விளிம்புக்கு மாஸ்க்கை 1 பிக்சல் உள்ளே இழுத்து, 0.5 பிக்சல் மென்மையாக்கினால் பழைய பின்னணியின் வெள்ளைக்கீற்று போய்விடும். வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் கர்வ்ஸ் கருவியில் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல் சேனலாக ஒப்பிட்டுச் சேருங்கள். கடைசியில் கிரெயின், அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள். கேமராவின் ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 3200-க்கு ஏற்றி எடுத்த இரவுப் படத்தில் ஒருவர் மட்டும் வழவழவென்று இருந்தால் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அப்பட்டமாகத் தெரியும்.

அடுத்தவர் அனுப்பும் படத்தைச் சோதிக்கும்போதும் இதே வரிசையில் பாருங்கள்: கால், நிழல், விளிம்பு, கிரெயின். முகம் கடைசி.

இத்தனையும் சரியாக வந்துவிட்டால்தான் உண்மையான சிக்கல். 1994 பிப்ரவரி 16 அன்று நியூயார்க் நியூஸ்டே நாளிதழ், ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனைகள் டோனியா ஹார்டிங்கும் நான்சி கெரிகனும் அருகருகே சறுக்குவதாக முதல் பக்கத்தில் படம் போட்டது. கெரிகனின் காலில் தடியடி விழுந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்தச் சதியில் ஹார்டிங்கின் முன்னாள் கணவருக்குப் பங்கிருந்தது. இருவரும் சேர்ந்து பயிற்சிக்கு இறங்குவதற்கு முந்தைய நாளே படம் வந்துவிட்டது. இது ஒட்டுப்படம் என்று அடியில் எழுதித்தான் இருந்தார்கள். ஆனாலும் கண்டனம் ஓயவில்லை. படத்தைக் கண் பார்த்து முடித்த பிறகுதானே அடியில் உள்ள எழுத்துக்கு வருகிறது!

அன்றைக்காவது அந்த வரி படத்தோடு ஒரே தாளில் இருந்தது. இன்று ஃபார்வர்டு ஆகும்போது அந்த வரி உதிர்ந்துவிடும், கோப்புக்குள் பதிந்திருக்கும் விவரங்களும் (மெட்டாடேட்டா) பெரும்பாலும் போய்விடும். ஆகவே ‘ஒட்டுப்படம்’ என்று படத்துக்குள்ளேயே எழுதுங்கள். மூலையில் வேண்டாம், ஒரு க்ராப்பில் போய்விடும். இரண்டு ஆட்களின் மேலும் ஓடும்படி, நெஞ்சுக்குக் குறுக்கே, 30 சதவீத அடர்த்தியில் வையுங்கள். அழகு கெடும் என்று வாடிக்கையாளர் முறுக்கிக்கொள்வார். லேயர்களோடு கூடிய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். நாளை யாராவது இதை நிஜம் என்று பரப்பினால், அது நிஜமல்ல என்று காட்ட அந்தக் கோப்பு வேண்டும்.