பித்தக் குழாயில் கல்: மடை திறந்தால் போதும்

மஞ்சள் காமாலை என்றதும் எங்கள் பக்கம் முதலில் கீழாநெல்லியைத்தான் தேடுவார்கள். அம்பாசமுத்திரமோ சேரன்மகாதேவியோ, அரைத்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். கிருமியால் ஈரல் வீங்கி வரும் காமாலை பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். நல்ல பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ஆனால் எண்பது தாண்டிய ஆச்சிக்குக் கண் மஞ்சளாகி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் கதை வேறு. பழுது பெரும்பாலும் ஈரலில் இருக்காது, அதிலிருந்து கிளம்பும் வாய்க்காலில் இருக்கும்.

தாமிரபரணிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஈரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை பக்கத்தில் உள்ள சின்னக் குளம். 50 மில்லி பிடித்தால் பெரிது. தேங்காய்ப்பால் சொதி ஊற்றிச் சாப்பிட்டதும் அது சுருங்கி, கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரை அனுப்பும். பெரிய வாய்க்காலான பித்தக் குழாயின் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர். அது சிறுகுடலில் சேரும் இடத்தில் வளையத் தசை ஒன்று மடையாக நிற்கிறது. 1887இல் இதை விவரித்தவர் ருஜெரோ ஓடி என்ற இத்தாலியர். நீர் ஓடும் இடத்துக்கு ஓடி என்று பெயர் அமைந்தது, தமிழில் படிக்கிற நமக்கு மட்டும் கிடைத்த வேடிக்கை.

இந்த வாய்க்காலுக்குள் கல் இரண்டு வழியில் வருகிறது. பித்தப்பையில் உருவான கல் நழுவி இறங்கலாம். அல்லது பித்தநீர் தேங்கி, அதில் பாக்டீரியா புகுந்து, பித்தநீரின் நிறமியைப் பிரித்துவிட, அது கால்சியத்தோடு சேர்ந்து அங்கேயே கட்டியாகலாம். இப்படி உருவாகும் கல் பழுப்பு நிறத்தில், களிமண் உருண்டை போல உதிரும். கல்லைக் கரைக்கும் மாத்திரை கேட்பவர்கள் உண்டு. அது பித்தப்பையில் இருக்கும் சிறிய கொலஸ்ட்ரால் கற்கள் சிலவற்றுக்குத்தான் எடுபடும். இந்தப் பழுப்புக் கல்லுக்கு ஆகாது.

அடைப்பு வந்தால் சிறுநீர் கடுங்காப்பி நிறமாகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகி ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களிடம் ஒரு சிக்கல், வலியே இல்லாமல் இருக்கலாம். நேற்றுவரை நன்றாகப் பேசிய ஆச்சி இன்று பேரனை அடையாளம் தெரியாமல் உளறுவது மட்டுமே அறிகுறியாக இருக்கக்கூடும். வீட்டில் அதை ‘வயசாயிட்டு’ என்று தள்ளிவிடுகிறோம்.

இனி வைத்தியம். வயது மட்டுமே அறுவைக்குத் தடை இல்லை. வயலுக்கு நடந்து போய்வரும் எண்பத்தைந்து வயதுக்காரர் தாங்கிவிடுவார். இதயம் பலவீனமாகி, மூச்சும் வாங்குகிறவருக்குத்தான் முழு மயக்கமும் வயிற்றுக் கீறலும் கல்லைவிடப் பெரிய ஆபத்து. அவர்களுக்கான வழி ஈ.ஆர்.சி.பி. பக்கவாட்டில் பார்க்கும் கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக விட்டு, இரைப்பையைக் கடந்து, அந்த மடையின் எதிரே போய் நிற்பார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்திக் கல்லைப் பார்த்து, மின்கம்பியால் மடை வாயைக் கொஞ்சம் கீறி அகலப்படுத்தி, கம்பிக் கூடையாலோ பலூனாலோ கல்லை இழுத்துக் குடலில் போட்டுவிடுவார்கள். அது மலத்தோடு போய்விடும். இந்தக் கீறலைத் தனித்தனியே செய்து பார்த்த ஜப்பான், ஜெர்மனி மருத்துவர்கள் 1974இல் அதைப் பற்றி எழுதினார்கள்.

மடை வாயைக் கீறுவதற்கு முன் ஒரு ஊசி போடுவது உண்டு. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அதைக் குடல் உறிஞ்சப் பித்தநீர் வேண்டும். பல நாள் அடைப்பு இருந்தால் கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது என்பதால் அந்த வைட்டமினை ஊசியாகவே தருகிறார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆபத்தே இல்லாத வேலை என்றும் நினைக்க வேண்டாம். 100 பேரில் 3 முதல் 10 பேருக்குக் கணையம் வீங்கும். ஆசனவாயில் வைக்கும் இண்டோமெதசின் என்ற மருந்து அதைக் குறைக்கிறது.

கல் 15 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கூடையில் சிக்கினாலும் மடை வழியே வராது. உள்ளேயே நொறுக்கலாம், லேசரால் உடைக்கலாம், பெரிய பலூனால் மடையை விரிக்கலாம். ஆனால் அரை மயக்கத்தில் கிடக்கும் ஆச்சியின் ரத்த அழுத்தம் இறங்கும்போது இதற்கெல்லாம் நேரம் இருக்காது. எனக்கு இந்த வைத்தியத்தில் பிடித்த யோசனை இங்கேதான் வருகிறது: கல்லை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவது! கல்லைத் தாண்டி ஸ்டென்ட் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாயை வைப்பார்கள். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்; சிலவற்றின் முனை பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். பித்தநீர் அதற்குள்ளும் அதன் ஓரத்திலும் வழிந்து இறங்கும். கல் நகர்ந்து மடை வாயை அடைக்காது. காய்ச்சல் தணியும், மஞ்சள் இறங்கும். மாதக்கணக்கில் ஸ்டென்டோடு உரசிச் சில கற்கள் சிறுத்தும் உடைந்தும் போகின்றன. அடுத்த முறை எளிதாக வந்துவிடும்.

குறை என்னவென்றால் வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல் ஸ்டென்டுக்குள்ளும் கிருமிப் படலம் படியும். சுமார் 3 மாதத்தில் அடைய ஆரம்பிக்கும். ஐப்பசியில் வைத்ததைத் தையில் மாற்ற வேண்டும். நடைமுறையில் ஆச்சி நன்றாகச் சாப்பிடுகிறாள், வலி இல்லை, எதற்கு மறுபடி அலைய வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டு நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைப்பது நல்லது. அதற்கு முன்பே குளிரும் காய்ச்சலும் வந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்; இரவானாலும் சரி.