இரவு ஒன்பதரை மணிக்கு மன உறுதியை நம்பாதீர்கள்

"எனக்கு மன உறுதி போதாது, மேடம்." நாற்பதைத் தாண்டியவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, எதைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். எல்லாம் தெரியும், செய்யத்தான் முடியவில்லை. இதே மனிதர்கள்தாம் வயதான பெற்றோரையும் வளரும் பிள்ளைகளையும் ஒருசேரத் தாங்குகிறார்கள், வருடக்கணக்காகக் கடன் தவணை தவறாமல் கட்டுகிறார்கள். உறுதி இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது?

அவர்களுக்குத் தேவைப்படுவது ஒரு பயிற்சி. ஆசை வந்தபின் அதனுடன் மல்லுக்கட்டுவதைவிட, அது வருவதற்கு முன்பே முடிவை எடுத்து வைத்துவிடும் பயிற்சி.

இந்த வயதில் இனி என்ன மாறப்போகிறது என்ற எண்ணமும் தவறு. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73 ஆண்டுகளில் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். சிறுவயதில் சுயகட்டுப்பாடு நன்றாக இருந்தவர்களுக்கு 45 வயதில் உடலும் மூளையும் மெதுவாகவே மூப்படைந்திருந்தன. 2021இல் வெளியான அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சிறுவயது நிலை எப்படி இருந்திருந்தாலும், பெரியவர்களான பின் சுயகட்டுப்பாடு கூடியிருந்தவர்களும் நடுவயதில் மேலான நிலையில் இருந்தார்கள். பிறவிக் குணம் என்று கைவிட வேண்டியதில்லை.

"மூளைப் பயிற்சி" என்றதும் பலர் கைபேசி விளையாட்டுகளைத்தான் நினைக்கிறார்கள். திரையில் பழத்தின் படம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், நொறுக்குத்தீனி வந்தால் கையை அடக்க வேண்டும் என்ற வகைப் பயிற்சி உண்மையிலேயே இருக்கிறது. பிரிட்டனின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகம் 2015இல் 83 பேரிடம் இதைச் சோதித்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்குச் சிறிதளவு எடை குறைந்தது. துணைக்கருவியாக வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். விளையாட்டில் மதிப்பெண் ஏறுவது வேறு, வாழ்க்கை மாறுவது வேறு. லூமோசிட்டி என்ற மூளை விளையாட்டுச் செயலியின் நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததான புகாரில் 2016இல் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உங்கள் சந்தாப் பணத்தைச் செலவிடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது ஒரு வாக்கியப் பயிற்சி. "இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வளர்த்தெடுத்த முறை இது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, வெறுமனே இலக்கு வைத்திருப்பதைவிட இப்படித் திட்டமிடுவது கணிசமாகப் பலன் தருவதைக் காட்டியது.

கேட்க எளிதாக இருக்கும், எழுதுவதில்தான் சிக்கல். ஐம்பதை நெருங்கும் கணக்காளர் ஒருவர் முதலில் எழுதியது: "இனி இரவில் நொறுக்குத்தீனி தின்னமாட்டேன்." இதில் நேரம் இல்லை, இடம் இல்லை, செய்வதற்கு ஒரு செயலும் இல்லை. வேண்டாம் என்று சொல்லப்படும் பண்டமே மனத்தில் முன்னால் வந்து நிற்கிறது. எப்போது எழுந்து போகிறீர்கள் என்று கேட்டேன். பசிக்கும்போது என்றார். இரண்டு வாரம் குறித்துவரச் சொன்னபோது, பசியல்ல, ஒன்பதரை மணிச் செய்தி முடிந்து தொலைக்காட்சியை அணைக்கும் அந்த நிமிடம்தான் அவரைச் சமையலறைக்கு இழுத்துச் செல்கிறது என்பது தெரிந்தது. வாக்கியம் மாறியது: "தொலைக்காட்சியை அணைத்ததும் நேராகப் போய்ப் பல் துலக்குவேன்." பல் துலக்கியபின் இனிப்பைத் தொட அவருக்கு மனம் வருவதில்லை. பிஸ்கட் டப்பாவை மேல் அலமாரிக்கு மாற்றியதும் உதவியது. ஆசையை எதிர்த்துப் போராட வேண்டிய தருணங்களே அவருக்குக் குறைந்துவிட்டன.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று பரவலாகச் சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழு 96 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று தெரியவந்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பின்னடைவாகவும் இல்லை. ஒருநாள் தவறியதும் "அவ்வளவுதான், எல்லாம் போயிற்று" என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்தத் தகவலே பாதி மருந்து.

இன்னொரு பயிற்சி, எதிர்காலத்தைத் துல்லியமாகக் கற்பனை செய்வது. "ஆரோக்கியமாக இருப்பேன்" என்பது போதாது. மகளின் பட்டமளிப்பு விழா, எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள், பக்கத்தில் யார் என்ற அளவுக்கு மனத்தில் பார்க்க வேண்டும். உடனடிச் சுகத்துக்குத் தாவும் மனம் இதனால் சற்றுப் பொறுக்கக் கற்கிறது என்று அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தின் லெனார்ட் எப்ஸ்டீன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். தூக்கம் குறைந்திருந்தால் எந்தப் பயிற்சியும் அரைகுறையாகவே வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இதுவரை நிதானமாக இருந்தவர் ஐம்பதுகளில் திடீரென யோசிக்காமல் பணத்தை இறைக்கிறார், இனிப்பை அடக்கமின்றிச் சாப்பிடுகிறார், பிறர் மனம் நோகப் பேசிவிட்டு அதை உணராமலே இருக்கிறார் என்றால் அதைப் பழக்கக் குறைபாடு என்று எண்ணிப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். மூளையின் முன்பகுதியைப் பாதிக்கும் ஒருவகை மறதிநோய் பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் இப்படித்தான் தலைகாட்டுகிறது. பெயரில் மறதி இருந்தாலும், தொடக்கத்தில் பெரும்பாலும் மறதி இருக்காது. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகளும் சூதாட்ட வேட்கை, அளவுமீறிய செலவு போன்றவற்றைத் தூண்டக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மாற்றம் எப்போது தொடங்கியது என்பதைக் கூடவே வாழும் ஒருவர் உடன் வந்து சொல்லட்டும். இந்த மறதிநோயில் பாதிக்கப்பட்டவருக்குத் தன் மாற்றம் பெரும்பாலும் தெரிவதில்லை.