புயலுக்குக் கான்கிரீட் சரி, வெயிலுக்கு?

மொரீஷியஸில் 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் தகரக் கூரைகளையும் வாரிக்கொண்டு போன பிறகுதான் கான்கிரீட் வீடு ஊரெங்கும் பரவியது. காற்றைத் தாங்குகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகிற நேரமாகப் பார்த்து அந்தச் சூட்டை உள்ளே விடுகிறது. தலைநகர் போர்ட் லூயியில் கோடைக்கால ஜனவரி ராத்திரி தூங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவரின் பலம் குறையாமல் சூட்டை மட்டும் நிறுத்த ஒரு வழி ஐ.சி.எஃப் (இன்சுலேட்டட் கான்கிரீட் ஃபார்ம்) சுவர். கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்து, இறுகியதும் கழற்றுவோம் இல்லையா, இங்கே பலகைக்குப் பதில் தெர்மோகோல், அதைக் கழற்றுவதே கிடையாது. உள்ளும் புறமும் சுமார் 65 மில்லிமீட்டர் தெர்மோகோல், இரண்டையும் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் இணைப்புகள், நடுவில் 150 மில்லிமீட்டர் இடைவெளி. அடுக்கி, கம்பி கட்டி, ஊற்ற வேண்டியதுதான். ஒரேயடியாக ஊற்றினால் ஈரக் கான்கிரீட்டின் அழுத்தத்தில் தெர்மோகோல் பிதுங்கி உடையும், அதனால் சுமார் ஒரு மீட்டர் உயரமாகச் சுற்றி வந்து ஊற்றுவார்கள்.

தெர்மோகோலில் 98 சதவீதம் காற்று. குட்டிக் குட்டி அறைகளில் அடைபட்ட அந்தக் காற்று நகர முடியாததால் சூடும் எளிதில் கடக்காது. மீன்காரரின் ஐஸ் பெட்டியும் இப்படித்தான் வேலை செய்கிறது. வெளியே அறையைவிட 10 டிகிரி கூடுதல் என்றால், சாதாரண சிமெண்ட் கல் சுவர் சதுர மீட்டருக்கு 20 வாட்டுக்கு மேல் உள்ளே விடும். இந்தச் சுவரில் அது 3 வாட்டைத் தாண்டாது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: நம் தீவில் முதலில் கவனிக்க வேண்டியது மேல்தளம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம், தைப்பூசக் காவடி சமயத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும், அந்த வெயில் முழுவதும் தளத்தின்மேல்தான். அதை அப்படியே விட்டுவிட்டுச் சுவருக்குக் காசைக் கொட்டாதீர்கள். தளத்தின் மேல்பக்கம் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் போட்டு வெள்ளை அடியுங்கள், அப்புறம் மேற்குச் சுவருக்கு நிழல். ஏசி ஓடும் வீடு என்றால் ஐ.சி.எஃப் சுவருக்குப் போட்ட காசு மின்கட்டணத்தில் திரும்பி வரும். ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றை நம்பி வாழ்கிற வீட்டில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே சூடு, அங்கே பலன் குறைவு.

இன்னொன்று, கரையான். தெர்மோகோலை அது தின்னாது, ஆனால் குடைந்து மேலே ஏற வழி போட்டுக்கொள்ளும். மண்ணுக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே கரையான் தடுப்பு வைக்காமல் கட்ட விடாதீர்கள்.