துணை மக்கள்தொகையா, உட்பிரிவா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த பெரியவருக்கு, வேலூர் மருத்துவமனை ஒன்றில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரில் 'நோயெதிர்ப்பு செல்களின் துணை மக்கள்தொகை' ஆராயப்படும் என்றிருந்தது. "எங்க வீட்ல எத்தினி பேருன்னு சொல்லணுமா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. இந்தத் தொடரை எத்தனையோ படிவங்களில் பார்த்துவிட்டேன்.

ஆங்கில மூலச்சொல் சப்பாப்புலேஷன்: பெரிய கூட்டத்துக்குள் தனியே பிரியும் சிறு கூட்டம். லத்தீனில் 'பாப்புலஸ்' மக்கள், 'சப்' கீழே. அறிவியலுக்குள் வந்ததும் அதிலிருந்து மக்கள் கழன்றுவிட்டார்கள். நம் பள்ளிப் புள்ளியியலிலேயே பாப்புலேஷனுக்கு 'முழுமைத் தொகுதி' என்றுதான் இருக்கிறது.

மக்களைவிட எனக்கு அதிகம் உறுத்துவது 'துணை'. துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைக்கு வா: எங்கு வந்தாலும் இன்னொருவருக்கு உதவியாக நிற்பவர்தான். நுரையீரலில் யாருக்கு யார் துணை? காற்று நுண்ணறைக்குள் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல், மூச்சோடு வரும் தூசியையும் கிருமியையும் விழுங்குகிறது. காசநோய்க் கிருமி முதலில் குடியேறுவதும் பெரும்பாலும் அதற்குள்தான். நுண்ணறைச் சுவரின் திசுவுக்குள் இருக்கும் மேக்ரோபேஜ் வேறு. பெயர் ஒன்றுதான், இடம், மேலே தாங்கியிருக்கும் புரதம், வேலை எல்லாம் வேறு. டி செல்கள் என்ற வேறு நோயெதிர்ப்பு செல்களில், சிடி8 நோய் தொற்றிய செல்லைக் கொல்கிறது. சிடி4 மற்ற செல்களுக்கு உதவுகிறது. துணை என்ற சொல்லுக்கு உண்மையில் உரிமை உள்ளது சிடி4-க்குத்தான். எல்லாவற்றுக்கும் துணை போட்டுவிட்டால் சிடி4-ஐ எப்படி அழைப்பது? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள், எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பதுகூட இல்லை.

'உள்வகை' போதாதா என்று ஆய்வக நண்பர் கேட்டார். போதாது. புகைப்பவரின் கழுவல் நீரில் மேக்ரோபேஜ் எண்ணிக்கை கூடும். வகை அதேதான், அளவுதான் மாறுகிறது. வகை என்றால் அந்த அளவு உள்ளே வராது.

உட்பிரிவு என்றால் வரும். தாலுகா ஆபீஸ் போனவர்களுக்கெல்லாம் தெரிந்த சொல். ஒரே சர்வே எண் 1, 2ஏ, 2பி என்று பிரியும். ஒவ்வொன்றுக்கும் எல்லையும் பரப்பும் எழுதியிருக்கும். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்: செல்லின் மேலுள்ள புரதத்தை அளந்து, எல்லைக்கோடு போட்டு, உள்ளே எத்தனை என்று எண்ணுகிறார்கள்.

அன்றைக்கு அந்த வரியை மாற்றிப் படித்தேன்: "உங்கள் நுரையீரலில் உள்ள நோயெதிர்ப்பு செல்களை உட்பிரிவு வாரியாக எண்ணிப் பார்ப்போம்." பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, எனக்கு அதுல எந்தப் பிரிவு கம்மியா இருக்குன்னு அப்புறம் சொல்லுவீங்களா?"