டீகிரடேஷன்: சிதைவா, திரிபா?

மே மாதச் சென்னையில் பால் பாக்கெட்டை வெளியே மறந்து வைத்தால், அடுப்பில் ஏற்றியதும் தெரிந்துவிடும். "பால் திரிஞ்சிடுச்சு" என்போம். "சிதைஞ்சிடுச்சு" என்று யாரும் சொல்வதில்லை. ஆய்வகத்தில் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, புரதத்தின் துண்டு) கெட்டுப்போனால் மட்டும் டீகிரடேஷன் என்கிறோம், தமிழில் 'சிதைவு' என்று எழுதுகிறோம்.

லத்தீனில் 'டி' என்றால் கீழே, 'கிராடுஸ்' என்றால் படி. ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதுதான் பழைய பொருள். வேதியியலில் பெரிய மூலக்கூறு உடைவதையும் இது குறிக்கும். அதற்குச் சிதைவு சரி. ஆனால் பெப்டைடு, சங்கிலி அறாமலேயே கெடும்.

பள்ளியில் படித்த புணர்ச்சியை நினைத்துப் பாருங்கள். சங்கிலியில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஓர் ஆக்சிஜன் ஒட்டி நிறை 16 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) கூடினால், அது வாழைப்பழத்தில் வந்த 'ப்' மாதிரி: தோன்றல். அஸ்பரஜின் என்ற இன்னொரு அமினோ அமிலம் அஸ்பார்டிக் அமிலமாகி 1 டால்டன் கூடுவது, மண் + குடம் மட்குடமான கதை: திரிதல். சங்கிலியின் முனையிலுள்ள குளூட்டமின் அம்மோனியாவை இழந்து 17 குறைவது மரவேர்: கெடுதல். இலக்கணம் மூன்றையும் விகாரம் என்கிறது. பேச்சில் அந்தச் சொல் அவலட்சணத்துக்குப் போய்விட்டதால், என் ஓட்டு 'வேதித்திரிபு'க்கு.

திரிபுக்கு வழிவிடுவது பெரும்பாலும் நம் அவசரம்தான். புரதத்தின் மடிப்பை அவிழ்க்க 8 மோலார் (செறிவின் அலகு) யூரியா கரைக்கும்போது குழாய் கையில் சில்லென்றிருக்கும், தூள் கரைய அடம்பிடிக்கும். சூடாக்கத் தோன்றும், கூடாது. 1828-இல் வேதியியலாளர் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியா செய்தாரே, சூட்டில் யூரியா அந்த வழியிலேயே திரும்பி நடக்கும். அதில் பிறக்கும் ஐசோசயனிக் அமிலம் லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டி 43 டால்டன் ஏற்றிவிடும். அப்புறம் புரதத்தைப் பெப்டைடுகளாக வெட்டும் நொதியான டிரிப்சின் அங்கே வெட்டாது. அன்றன்றைக்குக் கரைத்து, 37 டிகிரியைத் தாண்டாமல் வைத்துக்கொள்வதே வழி.

வெட்டுவதற்காகப் புரதத்தை டிரிப்சினோடு பி.எச். 8-இல் (லேசான காரத்தில்) இரவு முழுக்க வைப்பது வழக்கம். அஸ்பரஜினை அடுத்துக் கிளைசின் இருந்தால் அங்கே திரிபு வேகமாக நடக்கும். செய்முறையில் 'அறை வெப்பநிலை' என்றால் 20–25 டிகிரி. ராத்திரி ஏசி நின்றுபோன நம் ஊர் அறை அந்தக் கணக்கில் வராது. வெட்டி முடிந்ததும் டிரிப்சினை நிறுத்த ஃபார்மிக் அமிலம் விட்டு, சிறு பங்குகளாகப் பிரித்து −80 டிகிரியில் வைக்கலாம்.

அமிலத்தோடு சூடும் சேர்ந்தால் அஸ்பார்டிக் அமிலம்–புரோலின் பிணைப்பு அறுந்துவிடும். சிதைவு என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.