ஜெட் என்ஜினில் 'சீல்' முத்திரை அல்ல, கசிவுத்தடை

ஜெட் என்ஜின் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், சுழலும் தண்டைச் சுற்றிக் காற்று கசிவதைக் குறைக்கும் பாகமான 'லேபிரிந்த் சீல்' வருகிற இடத்திலெல்லாம் 'புதிர்வழி முத்திரை' என்று போட்டுவிடுகிறார்கள். மறுபடி மறுபடி கண்ணில் பட்டு எரிச்சலாகிவிட்டது.

சீல் என்பதன் வேர் லத்தீன் 'சிகில்லும்', சிறு அடையாளம் என்று பொருள். கடிதத்தை அரக்கு வைத்து மூடி அதன்மேல் குத்தியது. குத்துவது ஒரு பொருள், மூடுவது இன்னொரு பொருள் என்று பிரிந்ததில் இரண்டாவதுதான் இயந்திரங்களுக்கு வந்தது. முத்திரை, இலச்சினை எல்லாம் முதல் பொருளுக்கு உரியவை.

முத்திரையை விட என்னை அதிகம் உறுத்துவது, அதே சீலுக்குச் சிலர் போடும் 'காற்றுப்புகா அடைப்பு'. கேட்க நல்ல தமிழ், அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டைச் சாதாரண அடைப்பால் அழுத்திப் பிடித்து அடைக்க முடியாது, உரசியே தீய்ந்துவிடும். அதனால் லேபிரிந்த் சீலில் கூரிய பற்கள் போன்ற வளையங்கள் வரிசையாக நிற்கும், எதிர்ச்சுவரைத் தொடாமல். காற்று ஒவ்வொரு பல்லின் நுனியிலும் நெருக்கிப் பாய்ந்து, அடுத்த குழியில் சுழன்று வேகம் இழக்கும், அழுத்தம் படிப்படியாகக் குறையும். கசிவு குறைகிறதே தவிர நிற்பதில்லை. தண்டைத் தாங்கும் பேரிங்கும் அதற்கான எண்ணெயும் இருக்கும் தாங்கி அறையில் அந்தக் கசிவு வேண்டியும் இருக்கிறது: வெளியிலிருந்து காற்று உள்நோக்கிக் கசிந்துகொண்டே இருப்பதால்தான் எண்ணெய் வெளியே வராமல் இருக்கிறது. இதைப் போய்க் காற்றுப்புகா என்றால் படிக்கிற மாணவருக்குப் பொருள் தலைகீழாகப் போகாதா?

என் சொல் 'கசிவுத்தடை'. தடை என்றால் முழுசாக நிறுத்துவதாயிற்றே என்பார்கள். மின்சுற்றில் வரும் மின்தடை (ரெசிஸ்டன்ஸ்; கரண்ட் போவது அல்ல) மின்னோட்டத்தை நிறுத்துகிறதா? நெருக்கி, குறைத்து விடுகிறது, அவ்வளவுதான். அதே பொருளில்தான் இங்கேயும். லேபிரிந்துக்குப் 'பல்வரிசைக் கசிவுத்தடை' என்றால் உருவமும் கண்ணில் தெரியும்.

அப்புறம் கிளியரன்ஸ். 'டிப் கிளியரன்ஸ் லாஸ்' என்பதை 'முனை அனுமதி இழப்பு' என்று அச்சிலேயே பார்த்தேன். அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்து ஒட்டுகிற பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களை விட்டுப் போவதே இல்லை. விமானம் தரையிறங்கக் கொடுப்பது அனுமதி. டர்பைனில், அதாவது சூடான வாயு சுழற்றும் சக்கரத்தில், பிளேடு முனைக்கும் வெளி உறைக்கும் நடுவே விடுவது இடைவெளி. இரண்டும் ஒரே துறையில் வருவதால் குழப்பம் இரட்டிப்பு. இந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும், ஆனால் பிளேடு உயரத்தில் 1 விழுக்காடு அளவுக்கு அது கூடினால் டர்பைனின் செயல்திறன் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு குறையும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. அதற்காகவே உயரத்தில் சீராகப் பறக்கும்போது உறையின்மேல் குளிர்ந்த காற்றை ஊதிச் சுருங்க வைக்கிறார்கள். அது 'இடைவெளிக் கட்டுப்பாடு', 'அனுமதிக் கட்டுப்பாடு' அல்ல. இழப்பையும் 'இடைவெளிக் கசிவிழப்பு' என்று எழுதுங்கள், எது இழப்புக்குக் காரணம் என்பது சொல்லிலேயே இருக்கும்.

தமிழ்ச்சொல் பிடிபடவில்லையா, சீல் என்றே எழுதுங்கள், பட்டறையில் அப்படித்தான் சொல்கிறார்கள். முத்திரை மட்டும் வேண்டாம்.