சிறு விமான விபத்து: இறுதி அறிக்கைக்காகக் காத்திருந்தால் கெடு போய்விடும்

விபத்துக்குள்ளான விமானத்தின் சிதைவுகளை வைத்திருந்த கிடங்கு வாசலில் இருந்தவர் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இன்ஜின் மூன்று வாரங்களுக்கு முன்பே உதிரிபாக வியாபாரிக்கு விற்கப்பட்டிருந்தது. என்னுடன் வந்திருந்த பெண்ணின் கணவர் நண்பரின் விமானத்தில் போய் உயிரிழந்தவர். விற்பதற்கு முன் அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அமெரிக்காவில் இத்தகைய விபத்துகளை விசாரிப்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். வேலை முடிந்ததும் சிதைவுகளை விமான உரிமையாளரிடமோ அவர் சார்பில் வரும் காப்பீட்டு நிறுவனத்திடமோ கொடுத்துவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம், கிடங்கு மூவருக்கும் "எதையும் விற்காதீர்கள், அழிக்காதீர்கள்" என்று வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புங்கள். அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

முதற்கட்ட அறிக்கை சில வாரங்களில் வரும்; அதில் காரணம் இருக்காது. இறுதி அறிக்கைக்குப் பெரும்பாலும் ஓராண்டு, இரண்டாண்டு ஆகும். "அது வரட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மரண இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டே ஆண்டுகள்தான் கெடு. தரையிலிருந்து விமானிகளுக்கு வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் மீது சந்தேகம் என்றால், மத்திய அரசுத் துறைக்கு எழுத்து மூலமான கோரிக்கையும் இரண்டு ஆண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். அறிக்கை தாமதமானது என்பதற்காக இந்தக் கெடு நீளாது. இத்தனைக்கும், வாரியம் தீர்மானிக்கும் 'சாத்தியமான காரணம்' இழப்பீட்டு வழக்கில் சான்றாக ஏற்கப்படாது. புலனாய்வாளர் திரட்டிய உண்மை விவரங்கள்தான் அங்கே பயன்படும்.

விமானத்தையும் இன்ஜினையும் தயாரித்த கம்பெனிகளின் ஆட்களைத் தொழில்நுட்ப உதவிக்கென்று விசாரணையில் சேர்த்துக்கொள்கிறார்கள். இறந்தவரின் குடும்பத்துக்கோ அவர்களது வழக்கறிஞருக்கோ அந்த இடம் கிடையாது, விதியே அப்படி. எனக்கு இது இன்றுவரை ஜீரணமாகவில்லை. விசாரணைப் பொறுப்பாளரின் பெயரைக் கேட்டு வாங்கி, உங்களுக்குத் தெரிந்ததை நேரடியாக அவருக்கே எழுதுங்கள்.

பலருக்கும் தெரியாத கண்ணி, 1994ஆம் ஆண்டுச் சட்டம். விமானம் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போய் 18 ஆண்டுகள் கடந்திருந்தால், தயாரிப்பாளர் மீது பெரும்பாலும் வழக்குத் தொடுக்க முடியாது. இன்று பறக்கும் செஸ்னா, பைப்பர் விமானங்களில் 1970களில் செய்தவை ஏராளம். ஆனால் இடையில் மாற்றிய புதிய பாகத்துக்கு, மாற்றிய நாளிலிருந்து தனியாக 18 ஆண்டுக் கணக்கு. அதற்கு ஆதாரம் பராமரிப்புப் பதிவேடு. அது விமானத்தோடு எரிந்துபோயிருந்தால், பழுதுபார்த்த மெக்கானிக்கிடம் பில் நகல்களைக் கேளுங்கள்.